லாபத்தில் பங்குதாரரின் பாகம்

1946-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் குழந்தைகளுக்கான பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி, பிற்காலத்தில் டயர் உற்பத்தியால் தேசமெங்கும் கியாதி பெற்ற சென்னை எம்.ஆர்.எஃப். நிறுவனம், 2023-24 நிதியாண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு மொத்தம் 200 ரூபாய் டிவிடெண்ட் வழங்கியது. அப்பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். ஆகவே பழைய சம்பிரதாயப்படி சொன்னால் அது 2,000 சதவீத ஈவுத்தொகை. ஆனால் அதே ஆண்டில் அந்நிறுவனம் பங்கு ஒன்றுக்கு ஈட்டிய நிகர லாபம் ஏறத்தாழ 4,900 ரூபாய் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லாபத்தில் நூற்றுக்கு நான்கு பாகமே பங்குதாரரின் கைக்கு வந்தது, எஞ்சிய 96 பாகமும் நிறுவனத்திடமே நின்றுவிட்டது என்ற உண்மை புலப்படும்.

முகமதிப்பில் இத்தனை சதவீதம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நீக்கி, பங்கு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று மட்டுமே அறிவிக்க வேண்டும் எனப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி கூறுகிறது. அது நல்ல விதியே. எனினும் ரூபாய்க் கணக்கும் பாதி உண்மையைத்தான் சொல்லும் என்பது என் அபிப்பிராயம். கூட்டாகக் கடை நடத்தும் இருவர் ஆண்டு முடிவில் கணக்கை விரித்து உட்கார்ந்தால், நிகர லாபம் எவ்வளவு, அதில் கைக்கு எடுத்துக்கொள்வது எவ்வளவு, கடையிலேயே விட்டுவைப்பது எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துத்தான் பேசுவார்களேயன்றி, எடுத்துக்கொண்ட தொகையை மட்டும் தனியே சொல்லித் திருப்தியடைய மாட்டார்கள்.

லாபத்தில் எத்தனை பாகம் ஈவாக வந்தது என்று காட்டும் பகிர்வு விகிதத்தைக் கணக்கிட விசேஷ ஞானம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஆண்டுக்கென வழங்கிய ஈவுத்தொகை முழுவதையும் அவ்வாண்டின் வரி நீங்கிய லாபத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். அல்லது ஒரு பங்குக்கான ஈவை, இ.பி.எஸ். என்று ஆண்டறிக்கையில் அச்சிடப்படும் ஒரு பங்குக்கான வருவாயால் வகுக்கலாம். பிழை நேர்வது வகுத்தலில் அல்ல, வகுக்க எடுக்கும் எண்களில். இடைக்கால ஈவுகள் ஆண்டின் நடுவிலேயே வந்துவிட, இறுதி ஈவோ கணக்கு முடிந்து, இயக்குநர் குழு பரிந்துரைத்து, பொதுக்கூட்டம் ஒப்புதல் அளித்த பிறகே வருகிறது; ஆதலால் ரொக்க ஓட்ட அறிக்கையில் காணும் ஈவுத்தொகையில் சென்ற ஆண்டின் இறுதி ஈவு சேர்ந்திருக்கும், இவ்வாண்டின் இறுதி ஈவு சேர்ந்திராது. எந்த ஆண்டின் லாபத்துக்கு எந்த ஈவு உரியது என்று பிரித்தறியாமல் வகுப்பவர் ஓர் ஆண்டின் வரவை மற்றோர் ஆண்டின் செலவோடு பொருத்துகிறார். நடுவே போனஸ் பங்கு வழங்கியிருந்தாலோ முகமதிப்பைப் பிரித்திருந்தாலோ, ஈவையும் வருவாயையும் ஒரே பங்கு எண்ணிக்கைக்கு மாற்றிய பின்னரே வகுக்க வேண்டும். துணை நிறுவனங்கள் உள்ள இடத்தில், அவற்றையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்தை எடுக்கிறோமா, தாய் நிறுவனத்தின் தனி லாபத்தை எடுக்கிறோமா என்பதை முதலிலேயே நிச்சயித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதையே பின்பற்றுவது அவசியம்.

ஓராண்டு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தின் சுபாவத்தை நிர்ணயிப்பதும் தவறு. டி.சி.எஸ். 2022-23-இல் பங்குக்கு 115 ரூபாய் 19 காசு ஈட்டி, 115 ரூபாயை ஈவாக வழங்கியது. ஏறக்குறைய முழு லாபமும் பகிரப்பட்டது. ஆனால் அத்தொகையில் 67 ரூபாய் விசேஷ ஈவு. அதை விலக்கினால் விகிதம் 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மறு ஆண்டில் 18 ரூபாய் விசேஷ ஈவையும் சேர்த்து 73 ரூபாய்தான் கிடைத்தது. வருவாயோ 125 ரூபாய் 88 காசாக உயர்ந்திருந்தது. விகிதம் 58 சதவீதம். முதலாண்டின் 115 ரூபாயை நிரந்தர வரும்படியாக எண்ணிப் பங்கு வாங்கியவர் மறு ஆண்டே ஏமாற்றம் அடைந்திருப்பார். ஐந்தாண்டு ஈவைக் கூட்டி, ஐந்தாண்டு லாபத்தால் வகுத்துப் பார்ப்பதே விவேகம்.

விகிதம் நூறைத் தாண்டினால் என்ன பொருள்? 2022-23-இல் இந்துஸ்தான் ஜிங்க் ஈட்டிய லாபம் 10,511 கோடி ரூபாய். அவ்வாண்டில் அது வழங்கிய ஈவோ 31,901 கோடி, அதாவது லாபத்தைப் போல மூன்று மடங்கு. முன் ஆண்டுகளில் சேர்த்து வைத்த லாபத்திலிருந்தும் ஈவு வழங்கலாம் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 123-ஆம் பிரிவு அனுமதிப்பதால் இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. ஆயினும் 34,000 கோடிக்கு மேலிருந்த அந்நிறுவனத்தின் நிகர மதிப்பு அந்த ஓராண்டிலேயே 13,000 கோடிக்கும் கீழே இறங்கியது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வைத்திருந்த வேதாந்தாவும், 29.5 சதவீதம் வைத்திருந்த மத்திய அரசும் பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டன. சிறு பங்குதாரருக்கும் பங்குக்கு 75 ரூபாய் 50 காசு கிடைத்தது மெய்யே. ஆனால் அதில் பெரும்பகுதி அவருடைய பங்கின் பின்னே ஏற்கனவே நின்ற சொத்துதான், புதிதாக ஈட்டிய வருமானம் அல்ல. இந்த வித்தியாசத்தை உணராமல், ஈவை விலையால் வகுத்துக் கிடைக்கும் வட்டி போன்ற சதவீதத்தை மட்டும் நோக்கிப் பங்கு வாங்குவது அபாயகரமானது.

அப்படியானால் குறைந்த விகிதம் குற்றமா? அதுவும் இல்லை. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே அவர் காலத்தில் 1967-இல் ஒரே ஒரு முறை, பங்குக்கு 10 சென்ட், ஈவு வழங்கியதோடு நிறுத்திக்கொண்டது. நிறுத்தி வைத்த லாபம் மேலும் லாபத்தை ஈன்றதால் பங்குதாரர்கள் குறை சொல்லவில்லை. ஆகவே விசாரிக்க வேண்டியது, நிறுத்தி வைத்த பணம் என்ன சம்பாதித்தது என்பதையே. ஐந்தாண்டில் 500 கோடி ரூபாயை ஒரு நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் பயனாக ஆண்டு லாபம் 75 கோடி உயர்ந்திருந்தால் அப்பணம் 15 சதவீதம் ஈட்டியிருக்கிறது; நிர்வாகத்தை நம்பி இன்னும் விட்டுவைக்கலாம். லாபம் 20 கோடிதான் உயர்ந்தது என்றால் 4 சதவீதமே ஈட்டிய அப்பணம் வங்கி வைப்பில் இருந்திருந்தாலும் அதைவிட அதிகம் தந்திருக்கும். அதைத் தடுத்து வைக்க நிர்வாகத்துக்கு நியாயம் கிடையாது. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்குப் பெறுபவரே வரி செலுத்த வேண்டியிருப்பதால், உயர்ந்த வரி விகிதத்தில் இருப்பவருக்கு ஈவைவிட வளர்ச்சி அனுகூலமாக இருக்கக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அரசு தன் சொத்தைப் பற்றி இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இவற்றுள் எது அதிகமோ அதைக் குறைந்தபட்ச ஈவாக வழங்க வேண்டும் என்று 2024 நவம்பரில் நெறிமுறை வகுத்தது. சாதாரணப் பங்குதாரருக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. இயக்குநர் குழு பரிந்துரைத்த ஈவைப் பொதுக்கூட்டம் ஏற்கலாம் அல்லது குறைக்கலாம், ஒரு பைசாவும் கூட்ட இயலாது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் ஈவுக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருந்தும், அக்கொள்கைகளிற் பல, சூழ்நிலைக்கு ஏற்ப இயக்குநர் குழு முடிவு செய்யும் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன.

ஆதலால் ஐந்தாண்டுப் பகிர்வு விகிதத்தையும், அந்த ஐந்தாண்டில் நிறுத்தி வைத்த லாபம் ஈட்டிய கூடுதல் லாபத்தையும் ஆண்டறிக்கையின் முதற்பக்கங்களிலேயே அச்சிடும்படி செபி கட்டளையிட வேண்டும். பத்திரிகைகளும் ஈவு அறிவிப்பை வெளியிடும்போது பங்குக்கு இத்தனை ரூபாய் என்பதன் அருகிலேயே லாபத்தில் இத்தனை சதவீதம் என்று சேர்த்து அச்சிட வேண்டும். அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது. அதுவரை, பங்கு வைத்திருக்கும் வாசகர்கள் இவ்வாண்டு தம் கைக்கு வரும் அறிக்கையில் அந்த வகுத்தலைத் தாமே செய்து பார்த்து, விடை திருப்தியளிக்காவிட்டால் பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணம் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.