கண்முன் நிற்கும் வரலாறு

‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ என்பது பழமொழி. தொலைவில் உள்ளதைப் பெரிதென எண்ணுவதும், அருகில் உள்ளதன் அருமையை அறியாதிருப்பதும் மக்கள் இயல்பு. தாஜ்மகாலைக் காண ஏங்கும் மாணவர் பலர், தம் ஊருக்குப் பத்துக்கல் தொலைவில் உள்ள குடைவரையையோ கல்வெட்டையோ கண்டிரார். வெளியூர்ச் செலவு வேண்டா என்று யான் கூறவில்லை. தன் ஊரை முதலில் அறிந்தவனே பிறவூர்ச் சிறப்பை உள்ளவாறு உணர்வான் என்பது என் துணிபு. இதற்குத் திருச்சிராப்பள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொள்வோம்.

நகரின் நடுவே நிமிர்ந்து நிற்பது மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையாரை வணங்கக் கால்கடுக்க ஏறுவோர் நாள்தோறும் பலர். வழியில் உள்ள பல்லவர் குடைவரையில் நின்று நோக்குவோர் மிகச் சிலர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அதனைக் குடைவித்தான். விரிசடையில் கங்கையை ஏற்கும் பெருமானின் திருவுருவம் அங்கே பாறையில் புடைத்து நிற்கிறது. அம்மன்னன் பிற நெறியினின்று நீங்கிச் சிவநெறி சார்ந்த செய்தியை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு உணர்த்துகிறது. அதே குன்றில் துறவியர் வாழ்ந்த கற்படுக்கைகளும் உள்ளன. அங்கே ‘சிரா’ என்னும் பெயர் பழைய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயர் அதனின்று தோன்றியது என்பர் அறிஞர் சிலர். ஈரெழுத்துச் சொல்லொன்று ஓர் ஊரின் பெயர் வரலாற்றையே தாங்கி நிற்பது வியப்பன்றோ?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விளங்குவது திருவரங்கம். 156 ஏக்கர்ப் பரப்பும், 7 திருச்சுற்றுகளும், 21 கோபுரங்களும் கொண்டது அத்திருக்கோவில். நெடுங்காலம் முற்றுப்பெறாது நின்ற தெற்குக் கோபுரம், 1987ஆம் ஆண்டு 13 நிலைகளோடு 236 அடி உயரமுள்ள இராசகோபுரமாக நிறைவெய்தியது. அதன் உயரத்தை அண்ணாந்து பார்த்து மகிழ்வதோடு நாம் நின்றுவிடுதல் கூடாது. உள்ளே தன்வந்திரி சன்னிதி உண்டு. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கோவிலில் முன்பு இருந்து சிதைந்துபோன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததைத் தெரிவிக்கிறது. வழிபடும் இடத்திலேயே நோய்தீர்க்கும் இடமும் இருந்தது என்பது இதனால் விளங்கும். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது பிள்ளை உலகாசிரியர் முதலியோர் அரங்கனின் உலாத் திருமேனியை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்று காத்தனர். பல ஊர்களில் தங்கிய அத்திருமேனி 1371ஆம் ஆண்டிலேதான் அரங்கம் மீண்டது. உயிரினும் மேலாகக் கருதி முன்னோர் காத்த இடத்தில் நாம் நிற்கிறோம் என்னும் உணர்வு, அங்குச் செல்வோர்க்கு வேண்டும்.

மன்னர் செயலே வரலாறு என எண்ணுவோர் துறையூர்ச் சாலையில் உள்ள திருவெள்ளறைக்குச் செல்வாராக. கோவிலுக்கு அருகே, நாலுமூலைக் கேணி என மக்கள் வழங்கும் கிணறு ஒன்று உண்டு. சுவத்திக வடிவில் மடங்கிச் செல்லும் நான்கு படிவழிகள் அதனுள் இறங்குகின்றன. தந்திவர்ம பல்லவனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆட்சியாண்டில் முடித்ததாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அஃது ஏறத்தாழக் கி.பி. 800. ‘மார்ப்பிடுகு பெருங்கிணறு’ என்பது அதன் பெயர். தோண்டுவித்தவர் கம்பன் அரையன் என்பார்; இவர் இராமகாதை பாடிய கம்பர் அல்லர். வாழ்வின் நிலையாமையைக் கூறி அறம் செய்யத் தூண்டும் தமிழ்ப் பாடல் ஒன்றும் அங்கே கல்லில் உள்ளது. பல்லவர் ஆட்சி மறைந்தது. அவர்தம் அரண்மனைகளும் மறைந்தன. ஊரார் நீர் பெறும்பொருட்டு ஒருவர் செய்த அறம் 1200 ஆண்டுகளாக நிற்கிறது. இதனினும் சிறந்த பாடம் யாது?

இவையன்றி, முற்காலச் சோழர் தலைநகராகிய உறையூர், கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை, நீரே இறைவடிவாகப் போற்றப்பெறும் திருவானைக்காவல், நத்தர்வலி தர்கா, 1766ஆம் ஆண்டில் சுவார்ட்சு பாதிரியார் எழுப்பிய கிறித்து ஆலயம் ஆகியவையும் காணத்தக்கன. பல சமயத்தாரும் ஓர் ஊரில் விட்டுச்சென்ற அடையாளங்கள் இவை.

இத்துணையையும் ஒரே நாளில் கண்டு திரும்புவோரும் உளர். அது காண்டல் அன்று, ஓடுதல். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். செல்லுமுன் அவ்விடம் பற்றிப் படித்தல் வேண்டும். சென்றபின் ஆசிரியரையும் ஊர்ப் பெரியோரையும் வினவுதல் வேண்டும். திரும்பியபின் கண்டதை எழுதி வைத்தல் வேண்டும். ‘கைப்பேசியில் படமாகக் காணலாமே, நேரில் செல்வது எதற்கு?’ எனச் சிலர் வினவுவர். படம் வடிவைக் காட்டும். கிணற்றுப் படிகளில் இறங்குந்தோறும் வெயில் குறைந்து குளிர்ச்சி மிகுவதையும், அதற்காகக் கல் சுமந்தோரின் உழைப்பையும் படம் உணர்த்தாது. ‘கோவில் தொழுவதற்கு உரியது, ஆராய்வதற்கு அன்று’ என்பாரும் உளர். கோவிலின் வரலாற்றை அறிந்து தொழுவார்க்குப் பத்தி பெருகுமேயன்றிக் குறையாது.

பழஞ்சின்னங்களுக்கு வெயிலும் மழையும் செய்யும் கேட்டினும் மனிதர் செய்யும் கேடே மிகுதி. பாறையில் தம் பெயரைக் கீறுவோர், கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுவோர், பழங்கேணியில் குப்பை எறிவோர் ஆகியோரை நாம் காண்கிறோம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க, 2010இல் திருத்தப்பட்ட 1958ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காவலரை நிறுத்துதல் அரசுக்கு இயலாது. அவ்வூர் மாணவரே அதற்குக் காவலராதல் கூடும். கூர்ங்கல் ஒன்றை எடுத்து ‘சிரா’ என்னும் எழுத்தின் மேல் ஒருவன் தன் பெயரைக் கீறினால், ஊரின் பெயருக்குரிய சான்று ஒரு நொடியில் அழியும். மீண்டும் அதனைப் பொறிக்க எவராலும் இயலாது.

மாணவர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரின் பழைய கோவிலையோ, குளத்தையோ, கிணற்றையோ ஒருமுறை சென்று காணுங்கள். அதனை எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் எனக் கேட்டறியுங்கள். அறிந்த பொருளிடத்தே அன்பு தோன்றும். அன்பு தோன்றியவிடத்துக் காவலும் தானே அமையும்.