எண்ணெய்க் கிணற்றுக்கு ஏன் ஆள் வரவில்லை?



"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது, அதனால்தான் எண்ணெய், எரிவாயுத் துறைக்கு ஆள் கிடைப்பதில்லை" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2014-இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. இரண்டு முறையும் ஏராளமான தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்த பிறகு அங்கே பெட்ரோலியப் பொறியியல் படிக்கச் சேருபவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

கடல் நடுவே, ரிக்கில், 12 மணி நேர ஷிப்டுக்குப் பிள்ளைகள் அஞ்சவில்லை. விலை ஏறினால் கூப்பிட்டு, இறங்கினால் கைவிடும் தொழிலை நம்பி யார் நான்கு வருடம் படிப்பார்கள்? சம்பளம் மட்டும் போதாது. கஷ்ட காலத்திலும் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவில் ரிக்கில் இருக்கும் பிள்ளைகளே, நான் சொல்வது சரிதானா? எழுதுங்கள்.