காதுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

தமிழ்நாட்டில் இன்று கதை எழுதுகிறவர்களைக் காட்டிலும் கதை சொல்லுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை; சந்தோஷந்தான். எழுதுகிறவனுக்குப் பத்திரிகையில் இடம் வேண்டும், பதிப்பாளர் தயவு வேண்டும். யூடியூபில் பேசுகிறவனுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. சிறுகதை வாசிக்கிறார்கள், ஊர்க் கதை சொல்கிறார்கள், கோயில் வரலாறு பேசுகிறார்கள், புத்தகங்களைப் புகழ்கிறார்கள், கிழிக்கிறார்கள். என் கதைகளையும் சிலர் வாசித்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது என்னைப் பார்க்க வந்தால், காப்பி ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "சார், கையில் 60,000, 70,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தக் காமிரா வாங்கலாம்?"

எந்தக் காமிரா! எந்த மைக் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

என் சண்டை இந்தக் கேள்வியோடுதான். கேட்கிறவர்கள் பாவம், அவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கேள்வியை அவர்கள் வாயில் போட்டு அனுப்பிய ஆலோசனைக்காரர்களைச் சொல்கிறேன். பணக்காரனுக்கு ஆலோசனை வேண்டியதில்லை. தப்பாக வாங்கினால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். இல்லாதவனுக்கும் வேண்டியதில்லை; கையில் இருக்கும் கைபேசியோடு சரி. நடுவில் நிற்கிறானே, மாதச் சம்பளக்காரன், அவன் கையில் ஒரே ஒரு முறை தவறு செய்வதற்கு மட்டும் பணம் இருக்கிறது. அந்த ஒரு முறையையும் இவர்கள் செய்ய வைத்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர். தென்கோடிச் சிற்றூர்க்காரர். அவர் கரிசல் காட்டுப் பேச்சில் ஒரு கதையை எடுத்துச் சொன்னால், எழுதினவனே 'இவ்வளவு இருக்கிறதா என் கதையில்?' என்று வாயைப் பிளப்பான். அப்படிப்பட்ட குரல். காமிரா ஒன்றைத் தவணையில் வாங்கினார். அறிவுரை சொன்னவர் காட்டிய காமிரா அது. படம் கண்ணாடி போல விழுகிறது. மேல்சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. குரல் மட்டும் பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது! இரண்டு கஜ தூரத்தில் முக்காலியில் நிற்கும் காமிராவுக்குள் இருக்கும் மைக், சுவர், தரை, மின்விசிறி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் அவரையும் கேட்டிருக்கிறது. பார்க்க வந்தவர்கள் ஒரு நிமிஷத்தில் போய்விட்டார்கள். எட்டு மாதம் பார்த்தார். தவணை முடிவதற்கு முன்பே கடையைக் கட்டிவிட்டார். "எனக்குக் குரல் சரியில்லை போலிருக்கிறது" என்று என்னிடம் சொன்னார். அவருக்கா குரல் சரியில்லை? இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபந்தான் இந்தக் கட்டுரை.

ஆலோசனைக்காரர்கள் ஏன் காமிராவையே சொல்கிறார்கள்? காரணம் சிதம்பர ரகசியம் ஒன்றுமில்லை. அவர்கள் பேச்சுக்குக் கீழே கடைக்குப் போகும் வழி ஒன்று கொடுத்திருப்பார்கள். அந்த வழியாகப் போய் நீங்கள் வாங்கினால் அவர்களுக்குத் தரகு. விலை ஏற ஏறத் தரகும் ஏறும். 3,000 ரூபாய் மைக்கைச் சிபாரிசு செய்து யார் பிழைப்பது? இப்படிப் பொருளோ பணமோ வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. விதி இருக்கிறது. பேச்சின் முடிவில், மூச்சு வாங்காமல், யார் காதிலும் விழாதபடி அதை ஒப்பிக்கிற சாமர்த்தியமும் இருக்கிறது.

இன்னொரு காரணம், படத்தைப் படத்தில் காட்டலாம் என்பது. பழைய காமிரா இது, புதிய காமிரா இது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால் 4கே என்று கூவுகிறார்களே, 3,840-க்கு 2,160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள், அதை யார் எதில் பார்க்கிறார்கள்? பஸ்ஸில் நின்றுகொண்டு, உள்ளங்கை அகலக் கைபேசியில், இணையக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கத் தரத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் பார்ப்பதுகூட இல்லை. சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

கேட்கிற ஜனங்கள் நாம். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுச் சினிமாவையும் படமில்லாமல் ஒலிபரப்பினார்கள். குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டு அழுதது. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் தருமி வசனம் என் தலைமுறையில் பலருக்குப் படம் பார்ப்பதற்கு முன்பே பாடம். கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி சொல்லிக் கொடுத்தது. சத்தத்தை அணைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்து ரசித்தவர் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

'குரல் தெளிவில்லாவிட்டாலும் சரக்கு நன்றாக இருந்தால் போதும்' என்கிற ஒரு கட்சியும் உண்டு. ஆலோசனைக்காரர்களைவிட இவர்கள் நல்லவர்கள்; ஆனால் இவர்கள் சொல்வதும் தப்பு. எரின் நியூமன், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். அதே விஞ்ஞானப் பேச்சு, அதே ஆள். ஒரு கூட்டத்துக்கு நல்ல ஒலியோடும் இன்னொரு கூட்டத்துக்குக் கெட்ட ஒலியோடும் போட்டுக் காட்டினார்கள். கெட்ட ஒலியில் கேட்டவர்கள், பேச்சு சுமார், ஆராய்ச்சியும் அவ்வளவு முக்கியமில்லை, பேசினவருக்குப் புத்தியும் சற்றுக் குறைவு என்று மதிப்புப் போட்டார்கள். விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால் கதை சொல்லியின் கதி என்ன?

சரி, பணத்தை எப்படிப் பிரிப்பது? முதலில் உங்கள் அறையைப் பாருங்கள். அயல்நாட்டுப் புத்திமதிகள் எல்லாம் கம்பளம் விரித்த, மெத்தை நாற்காலி போட்ட வீட்டுக்குச் சொல்லப்பட்டவை. நம் வீடு சிமெண்டுச் சுவர், வழவழப்பான தரை, மேலே ஒரு விசிறி. வாயிலிருந்து புறப்பட்ட சொல் நாலு சுவரிலும் முட்டிக்கொண்டு திரும்பி வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அதற்குக் கிடைக்கும் நேர் ஒலியின் வலு, நாலு சாண் தள்ளி வைத்தால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சுவரிலிருந்து திரும்புகிற எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். இதுதான் அந்தப் பாழுங்கிணற்றின் ரகசியம். இதற்கு எந்த விலைக் காமிராவாலும் பரிகாரம் இல்லை. சட்டையில் குத்துகிற சிறிய மைக்கோ, மேஜை மேல் வாய்க்கு அருகே நிற்கிற மைக்கோ தான் பரிகாரம். கம்பியோடு இருக்கும் சட்டை மைக் மலிவு. கம்பியில்லாமலும் பல விலைகளில் கிடைக்கிறது. பிறகு, புடைவை மாட்டிய பீரோவைத் திறந்து வையுங்கள், எதிர்ச் சுவரில் ஜமுக்காளத்தையோ மெத்தையையோ சாத்துங்கள், விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கத்தான் செய்யும். ஐந்து ஐந்து நிமிஷமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள்.

மைக்கிலும் ஆடம்பரம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். கண்டென்ஸர் என்கிற வகை மிகக் கூர்மையான காதுள்ளது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அது தேவாமிர்தம். நம் வீட்டில் குக்கர் விசிலையும், தெருவில் போகும் பழைய பேப்பர்க்காரரையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கும். டைனமிக் வகை, வாய்க்குப் பக்கத்தில் பேசினால்தான் கேட்கும். எட்ட இருப்பதை அவ்வளவாகச் சட்டை செய்யாது. நம் தெருக்களுக்கு அதுதான் தோது. ஷூர் கம்பெனி 1966-இல் கொண்டுவந்த எஸ்எம்58 இன்னும் கச்சேரி மேடைகளில் பாடிக்கொண்டிருக்கிறது. அதே கம்பெனியின் எஸ்எம்7பி-யைத்தான் பிரபலமான பேச்சுக்காரர்கள் எல்லாரும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு காட்சி தருகிறார்கள். உடனே நம்மவருக்கும் அது வேண்டும். அது மிக மெல்லிய சமிக்ஞை தருகிற மைக். அதற்கு ஏறக்குறைய 60 டெசிபல் பெருக்கம் கொடுக்க வேண்டும். மலிவான பெட்டியில் செருகினால் குரலோடு 'உஸ்' என்ற இரைச்சலும் பெருகும். அதை அடக்க இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதைதான்.

காமிராவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கட்சி கட்ட வேண்டாம். கோலம் போட்டுக் காட்டுகிறவருக்கு, பறவை பார்க்கிறவருக்கு, நெசவு சொல்லித் தருகிறவருக்குப் படம்தான் சரக்கு. சமையல்காரருக்கும் படம் வேண்டும். ஆனால் அங்கேகூடக் கடுகு வெடிக்கிற சத்தம் காதில் விழாவிட்டால் தாளிப்பில் என்ன வாசனை இருக்கிறது? சோனி நிறுவனம் 2021-இல் வெளியிட்ட இஸட்வி-இ10, இந்த நடுத்தர விலைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தது. நல்ல காமிரா, உள்ளே ஆட்டத்தைத் தாங்கும் அமைப்பு இல்லையென்றாலும் முக்காலியில் வைத்துப் பேசுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. அதன் உடம்பில் மைக் செருக ஒரு துளை வைத்திருக்கிறார்கள். செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, விற்றுத் தருகிறவர்கள்தான் அந்தத் துளையைப் பற்றிப் பேசுவதில்லை. உட்கார்ந்து பேசுகிறவருக்கு, சென்ற நாலைந்து ஆண்டுகளில் வாங்கிய நல்ல கைபேசி, ஒரு முக்காலி, ஜன்னல் வெளிச்சம் போதும். இரவில் விளக்கு வைத்துப் பிடித்தால் ஷட்டரை ஐம்பதில் ஒன்றில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 சுழற்சி. அப்போது படம் துடிக்காது. இது காசில்லாத யோசனை.

'எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சுத்தம் செய்துவிடும்' என்று ஒரு புதுச் சமாதானம் கிளம்பியிருக்கிறது. செயற்கை அறிவு எதிரொலியைத் துடைக்கிறது, உண்மை. துடைக்கிற வேகத்தில் பேசுகிறவரையும் கொஞ்சம் துடைத்துவிடுகிறது. அப்படிச் சலவை செய்த தமிழ்ப் பதிவு ஒன்றைக் கேட்டேன். 'மழை' என்றாரா, 'மலை' என்றாரா? இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. ழகரத்தைக் காப்பாற்றத்தானே ஐயா இவ்வளவு பாடு!

ஆகவே அந்த 60,000 ரூபாயில் மைக்குக்கும் காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போனுக்கும் ஒரு 15,000 ஒதுக்குங்கள். விளக்குக்கும் முக்காலிக்கும் 8,000, 10,000. மிச்சத்தை வங்கியில் போட்டு வையுங்கள். ஒரு வருஷம் நூறு பேச்சுப் பேசிய பிறகும் காமிரா ஆசை இருந்தால் அப்போது வாங்கலாம். அதற்குள் விலையும் இறங்கியிருக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கடையில் நின்று, மைக்கைக் கைபேசியில் செருகி, உங்கள் கதையிலிருந்து பத்து வரி வாசியுங்கள். ழ, ள, ல மூன்றும் வருகிற வரிகளாக இருக்கட்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். வாங்கினால்தான் பெட்டியைப் பிரிப்பேன் என்பார் கடைக்காரர். வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். அந்தத் தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.