‘சும்மா’ கேட்ட பாட்டு



சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் என் சகோதரியின் மகன் சென்ற மார்கழியில் விடுமுறைக்காகக் குருவிகுளம் வந்திருந்தான். பட்டணத்தால் தனக்குக் கிட்டிய பெரும் லாபம் என்று அவன் கூறியது சம்பளத்தை அன்று. “மாமா, டிசம்பர் மாதம் முழுவதும் பெரும்பாலான சபாக்களில் காலையும் மதியமும் கச்சேரி இலவசம். மாலையில் மட்டுந்தான் டிக்கெட். சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்துக் கேட்பவன் ஏமாளி” என்றான்.

இசை கூடுமா, கூடாதா என்பதில் ஆலிம்களிடையே நெடுங்காலமாக நிலவும் கருத்து வேறுபாட்டை நான் அறியாதவன் அல்லன். அது தனியே பேச வேண்டிய பொருள். நாகூர் ஹனீபாவின் குரல் எத்தனை இல்லங்களில் ஒலித்தது என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். என் மனத்தில் தைத்தது மருமகன் உதிர்த்த ‘சும்மா’ என்ற சொல்தான்.

அவன் தந்த தகவல் பிழையன்று. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு இணைந்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக மறு ஆண்டில் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் விழா அங்கிருந்து வளர்ந்தது. இன்று மாலை மேடை புகழ் பெற்றோருக்கு. மதிய மேடை இளையோருக்கு. இளையோருக்கு டிக்கெட் வைத்தால் வாங்குவார் இல்லை. ஆகவே கதவைத் திறந்து வைக்கின்றனர். அந்த மேடையில் பாடும் பெண்ணுக்குச் சபா தருவது பல நேரங்களில் சிறு தொகையே. வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கொடுக்க வேண்டியதை அவளுடைய தகப்பனார் தம் பையிலிருந்து எடுக்கிறார். மருமகன் அமர்ந்த நாற்காலிக்கு விலை இல்லாமல் இல்லை. அதைச் செலுத்தியவர் யாரென்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இலவசம் எல்லாம் ஒரே தன்மையது என்று கருதிவிடலாகாது. திருவையாற்றில் ஆண்டுதோறும் நடைபெறும் தியாகராஜ ஆராதனையில் பெரிய வித்துவான்களும் ஊதியமின்றிப் பாடுகின்றனர். அது அவர்கள் மனமுவந்து செய்வது. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் பூங்காக்களிலும் கடற்கரையிலும் மக்கள் கட்டணமின்றிப் பறையும் கரகமும் கண்டு களித்தனர். ஆடியவர்களுக்கு ஊதியம் வேறு வழியில் சேர்ந்தது.

நம் சீமையையே பாருங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் தமது நாற்பத்து மூன்றாம் வயதில் மறையும்வரை இப்பகுதித் திருவிழாக்களில் நாகசுரம் வாசித்தார். என் பாட்டனார் தோளில் துண்டோடு வீதியோரம் நின்று கேட்டவர். டிக்கெட் என்று ஒன்று இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் வித்துவான் வெறுங்கையோடு திரும்பவில்லை, மண்டகப்படிக்காரர்கள் கொடுத்தார்கள். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா சாகிபும் இவ்வாறு வீதியில் எல்லோருக்கும் ஒலித்த நாகசுரத்தையே வாசித்தார். 1998-இல் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது.

அப்படியாயின் டிக்கெட் வாங்குவோர்தாம் நேர்மையாளரா? அதுவும் இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி நடந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய குடும்பங்கள் நெரிசலில் சிக்கி, உள்ளே நுழைய இயலாமல் குழந்தைகளோடு வீடு திரும்பின. பின்னர் பணம் திருப்பித் தரப்படும் என அறிவிக்க நேர்ந்தது. பணம் கொடுத்தும் இசை கிட்டாத இரவு அது.

மருமகனிடம் இவ்வளவையும் சொன்னேன். “கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், போகிறேன். இதில் என் தவறென்ன மாமா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழியாக இதுவரை வீட்டாரிடம் சொல்லாத ஒன்றை அவனுக்குச் சொன்னேன்.

நான் வளர்ந்த தெருவில் ரமளான் மாதம் முழுவதும் சஹர் நேரத்தில் ஒரு பக்கீர்சா தாயிரா தட்டிப் பாடிக்கொண்டு வருவார். அவருடைய ஓசை தெருமுனையில் எழும்போதே உம்மா அடுப்பைப் பற்றவைத்து விடுவார்கள். பெருநாளன்று அவர் வாசலுக்கு வந்ததும் வாப்பா பணமும் ஒரு வேட்டியும் கொடுப்பார்கள். ‘தர்மம்’ என்று நான் ஒருமுறை சொன்னபோது, “தர்மமில்லை, பாக்கி” என்று திருத்தினார்கள்.

நான் குடும்பஸ்தனான பிறகு எழுப்புவதற்குக் கைப்பேசி வந்துவிட்டது. ஆயினும் அவர் பாடிக்கொண்டு வருவதை நிறுத்தவில்லை. ஒரு பெருநாளன்று விருந்தினர் நிறைந்திருந்த வேளையில் வந்து நின்றார். சில்லறை இல்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். தலையசைத்துச் சென்றார். அடுத்த வாரம் எனக்கு நினைவில்லை. அவரும் வந்து கேட்கவில்லை. அந்நாட்களில்தான் கூலி பற்றிய நபிமொழியை மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மறு ரமளானில் தாயிரா ஒலிக்கவில்லை. விசாரித்தேன். ஐந்து மாதங்களுக்கு முன்பே மவுத்தாகிவிட்டார் என்றனர். நோன்பு திறந்தபின் வீடு தேடிச் சென்றேன். ஓட்டு வீடு. சுவரில் அந்தத் தாயிரா தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவியிடம் பணத்தை நீட்டினேன்.

“இது எதுக்கு அசரத்?” என்று கேட்டார்.

“போன வருஷத்துப் பாட்டுக்கு” என்றேன்.

அவர் எண்ணிப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைகள் சுகமா என்று விசாரித்தார்.