பூட்டுப் போட்ட உல்லாசத் தீவு!

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அதன் பெயர் போராக்காய். பெயரில்தான் காய், கண்ணுக்குக் கனி!

தீவின் நீளம் சுமார் 7 கிலோமீட்டர். நடுவில் இடுப்புப் போல ஒடுங்கி இருக்கும். அந்த இடத்தில் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்தில் பனாய் என்ற பெரிய தீவு. அங்கே படகு ஏறினால் கால் மணி நேரத்தில் போராக்காய் போய்விடலாம்.

இந்தத் தீவுக்கு 2018-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி அரசாங்கம் பூட்டுப் போட்டது. உல்லாசப் பயணிகள் ஒருவரும் வரக்கூடாது என்று உத்தரவு. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஆறு மாதம்!

பூட்டியது சரிதான். ஆனால் அந்தப் பூட்டின் விலையை யார் தலையில் கட்டினார்கள்? அதுதான் சரியில்லை.

சுடாத மணல்

தீவின் மேற்குக் கரையில் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளை மணல். மாவு போல இருக்கும். உச்சி வெயிலில் செருப்பு இல்லாமல் நடந்தாலும் கால் அவ்வளவாகச் சுடாது.

ஏன் தெரியுமா? அது பாறை உடைந்து வந்த மணல் அல்ல. பவளமும் சிப்பியும் பொடியாகி வந்த மணல். வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பவளத்தைப் பொடியாக்குவதற்கு என்றே ஒரு மீன் இருக்கிறது. கிளிமூக்குப் போன்ற வாய் உள்ள மீன். அது பவளத்தைக் கடித்து அரைத்து, வேண்டாததை மணலாக வெளியே தள்ளும். ஒரு பிடி மணலுக்காகக் கடல் எத்தனையோ காலம் உழைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கி வந்து கொட்டக்கூடிய சரக்கல்ல அது.

சாயங்காலம் ஆனால் பாய்மரப் படகுகள் வரிசையாகப் போகும். இரு பக்கமும் மூங்கில் கட்டிய படகுகள். பின்னால் சூரியன் சிவந்து இறங்கும். இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் கடல் கடந்து வந்தார்கள்.

இரவுக் கூத்து

சூரியன் இறங்கினால் வேறு காட்சி. மணலிலேயே நாற்காலி, மணலிலேயே மது, மணலிலேயே பாட்டுக் கச்சேரி. மண்ணெண்ணெயில் தோய்த்த பந்தத்தைச் சுழற்றி வாலிபர்கள் நெருப்பு நடனம் ஆடுவார்கள். மே தினத்தை ஒட்டி ஒரு பெரிய விருந்து நடக்கும். ஒலிபெருக்கிகள் விடிய விடிய அலறும்.

2017-ம் ஆண்டில் மட்டும் 20 லட்சம் பேர் வந்தார்கள். தீவின் பரப்போ சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான்!

இத்தனை பேர் குளித்த தண்ணீர் எங்கே போகும்? கழிவறைத் தண்ணீர் எங்கே போகும்? சில ஓட்டல்கள் குழாயைக் கடலுக்கே விட்டுவிட்டன. கரை ஓரத்தில் பச்சைப் பாசி படர்ந்தது. தீவில் மழை நீர் தங்க 9 சதுப்பு நிலங்கள் இருந்தன. அவற்றில் ஐந்தின் மேல் கட்டடம் எழும்பிவிட்டது. மழை பெய்தால் சாலையில் வெள்ளம்.

அப்போதைய ஜனாதிபதி டுட்டெர்டே கோபக்காரர். "இது தீவல்ல, சாக்கடைக் குட்டை" என்கிற மாதிரி பேசினார். பூட்டு விழுந்தது.

திறந்தபோது

அக்டோபர் 26-ந் தேதி மறுபடி திறந்தார்கள். புதுச் சட்டங்கள் வந்தன. ஒரு சமயத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் தீவில் இருக்கக்கூடாது. நாளுக்கு 6,405 பேர்தான் வரலாம். கரையில் குடிக்கக்கூடாது, புகை பிடிக்கக்கூடாது. மண்ணெண்ணெய்ப் பந்தம் கூடாது; மின்விளக்கைச் சுழற்றி ஆடலாம்.

"நெருப்பு இல்லாமல் என்ன நெருப்பு நடனம்?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். "இரவுக் கேளிக்கை இல்லாவிட்டால் வாலிபர்கள் வேறு தீவுக்குப் போய்விடுவார்கள்" என்று வியாபாரிகள் சொன்னார்கள்.

ஆடட்டும், பாடட்டும். யார் வேண்டாம் என்றது? தென்னை மரங்களுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே ஆடட்டும். மதுக்கடையை எந்த ஊரிலும் வைக்கலாம். இந்த மணலை எந்த ஊரிலும் வைக்க முடியாது. மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட ஆடி மணலைக் கருப்பாக்கிவிட்டால் அப்புறம் பார்க்க யார் வருவார்கள்? குழந்தை குட்டிகளுடன் வருகிற குடும்பத்துக்கும் கரையில் இடம் வேண்டாமா?

தாய்லாந்திலும் இப்படி ஒரு காரியம் நடந்தது. மாயா விரிகுடா என்ற இடத்தை 2018 ஜூன் மாதம் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதற்குள் கரை ஓரத்தில் சுறாக் குட்டிகள் திரும்பி வந்துவிட்டன! ஆனால் அந்தக் கரையில் ஊர் இல்லை, குடித்தனம் இல்லை. மூடுவது சுலபம். போராக்காய் அப்படியா? அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள்.

அந்த ஆறு மாதம்

ஓட்டல் முதலாளிக்கு ஆறு மாதம் நஷ்டம்தான். சிலருடைய கட்டடங்களை இடிக்கவும் செய்தார்கள். அதை மறைக்க வேண்டாம். ஆனால் முதலாளிக்கு வங்கி இருக்கிறது, வேறு ஊரில் வேறு தொழில் இருக்கிறது.

மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவனுக்கு என்ன இருக்கிறது? படகுக்காரன், சமையல்காரன், உடம்பு பிடித்து விடுகிற பெண், இரவெல்லாம் கிட்டார் வாசித்து மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பையன், இவர்களுக்கு என்ன இருக்கிறது? 36,000 பேர் வரை வேலை இழப்பார்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அரசாங்கம் கொஞ்ச நாள் தற்காலிக வேலை கொடுத்தது. கரையைக் கூட்டுவது போன்ற வேலை. ஆறு மாத அடுப்புக்கு அது போதுமா?

கடலுக்குள் குழாய் விட்டவள் உடம்பு பிடித்து விடுகிற பெண் அல்ல. சதுப்பு நிலத்தில் கட்டடம் கட்ட அனுமதித்ததும் படகுக்காரன் அல்ல. குழாய் விட்டவனிடம் முதலில் அபராதம் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஆறு மாதச் சம்பளத்தை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பூட்டைத் தேடியிருக்க வேண்டும். 2017-ல் மட்டும் சுமார் 5,600 கோடி பெசோ வருமானம் வந்த தீவு அது. பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு கதையும் உண்டு. அந்தத் தீவின் பழங்குடிகள் ஆட்டி மக்கள். ஓட்டல்கள் பெருகப் பெருக அவர்கள் மூலைக்குப் போனார்கள். 2018 நவம்பரில் ஜனாதிபதியே வந்து அவர்களுக்கு நிலப் பட்டா கொடுத்தார். 3 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலம். நல்ல காரியம்! பிறகு வேறு சிலர், நிலம் தங்களுடையது என்று வழக்காடினார்கள். விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலம் என்று காரணம் காட்டிப் பட்டாவை ரத்து செய்தார்கள். 2024-ம் ஆண்டில் வேலி போட்டார்கள். அந்த மக்கள் சொந்த வீட்டுக்கே போக முடியாமல் வெளியே நின்றார்கள். பயணிகள் திரும்பிவிட்டார்கள், ஓட்டல் விளக்குகள் எரிந்தன. பூர்வகுடிக்கு மட்டும் மறுபடி பூட்டு!

வௌவால் பறக்கும் நேரம்

தீவின் வடக்குப் பக்கத்து மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். சிறகை விரித்தால் ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாத பெரிய ஜாதியும் அவற்றில் உண்டு. இருட்டுகிற நேரத்தில் கூட்டமாகக் கிளம்பி, கடலைத் தாண்டிப் பனாய்க் காட்டுக்குப் போகும். பழம் தின்னும்; வழியெல்லாம் விதை போடும். விடிவதற்குள் திரும்பிவிடும். மரங்கள் குறைந்ததால் கூட்டமும் குறைந்துவிட்டது.

போராக்காய் போகிறவர்கள் ஒரு நாள் மாலையாவது பாட்டுக் கச்சேரியை விட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கலாம். அந்த ஊர்ப் படகுக்காரனையே கூட்டிக்கொண்டு போனால் இடத்தைக் காட்டுவான். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.