கரையில் நிற்கும் நாம்

கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், இராவணன் வெட்டு என்று வழங்கும் மலைப்பிளவின் அருகே நின்று கீழே நோக்காதவர் எமது பழைய மாணவருள் ஒருவரும் இரார். சிறுவராயிருந்த காலத்தில் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். இன்று பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு பார்க்கிறோம். பார்த்தபின் செய்வது அன்றும் இன்றும் ஒன்றே. அருச்சனையை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்த நீலநீருக்குள் என்னதான் இருக்கின்றது என்று இறங்கிப் பார்த்தவர் எம்முள் எத்தனை பேர்?

இறங்கிப் பார்த்தவர் இருவரை நாடறியும். 1956ஆம் ஆண்டு ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் காற்றுக்கலங்களை முதுகிற் கட்டிக்கொண்டு சுவாமி மலையின் அடியிற் சுழியோடினர். 1624இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழங்கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியிற் கிடப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். முந்நூற்று முப்பது ஆண்டுகளாக எமது கோயிலின் காலடியிலே கிடந்ததை எமக்குக் காட்டுதற்குக் கடல்கடந்து வந்த இருவர் வேண்டியிருந்தது. இதனை நன்றியோடு நினைக்கிறோம். சிறிது நாணத்தோடும் நினைக்கிறோம். திருஞானசம்பந்தர் இராமேசுவரத்திலிருந்தே எமது மலையைப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. நேரிற் காணாத அவருடைய பதிகத்திற் கடலொலி ஓயாது கேட்கின்றது. நாள்தோறும் காணும் எமக்கோ அது காதிற் படுவதில்லை.

இப்பொழுது நிலைமை வேறு. பங்குனி பிறந்து வாடையின் சீற்றம் முற்றாக ஓய்ந்துவிட்டால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பல நாட்டு மொழிகள் கேட்கின்றன. திமிங்கிலம் காண ஒரு படகு, முருகைக்கற்களிடையே நீந்த ஒரு படகு என்று விடியுமுன்னே கரை பரபரப்படைகின்றது. இயற்கையை நாடியும் துணிகரச் செயல்களை விரும்பியும் செய்யும் பயணங்கள் உலகெங்கும் பெருகிவரும் காலம் இது. எமது மாவட்டம் அதற்கு விலக்கன்று. இவ்விருந்தினரால் எமது மக்களிற் பலருக்குப் பிழைப்பு உண்டாகின்றது. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் விருந்துக்கு அழைத்த வீட்டார் தம் வீட்டின் அறைகளைத் தாமே அறியாதிருப்பது எவ்வகை முறை?

அவ்வீட்டின் செல்வந்தான் சிறிதோ? நெல்சன் புகழ்ந்த துறைமுகம் என்று மேடைதோறும் சொல்லிச் சொல்லி எமக்கு வாய் நோகின்றது. கப்பல் கட்டும் ஆழத்தைப் பற்றியே பேசினோமன்றி, அந்த ஆழம் துறைமுக வாயிலோடு முடிந்துவிடவில்லை என்பதை எண்ணினோமில்லை. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குப் புறப்பட்டுக் கிழக்கே செல்கின்றது. கரையைவிட்டுச் சில மைல் போகுமுன்னரே பல நூறு பாகம் ஆழம். ஆழநீரில் வாழ்வனவெல்லாம் எமது வாசலுக்கு இத்துணை அருகே வருவதற்கு இதுவே காரணம். எழுபது எண்பது அடி நீளமுள்ள நீலத் திமிங்கிலம் விடும் மூச்சு வெண்புகைபோல் எழுவதைச் சுவாமி மலையின் உச்சியில் நின்றே காணலாம். மீனம்பரைத் தரும் பெருந்தலைத் திமிங்கிலமும் இங்கு உண்டு. ஓங்கில்களோ கூட்டங் கூட்டமாகத் துள்ளும். மற்றைய கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் பல, இரைக்காகத் துருவக் கடல்களை நோக்கிப் பெரும்பயணம் போகின்றன. எமது இந்துமாக்கடலின் வடபாகத்தில் வாழ்பவையோ அவ்வாறு போவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பக்கடலிலேயே இரைதேடி, வெப்பக்கடலிலேயே கன்று ஈன்று வாழ்கின்றன. ஆகவே இவற்றை எம்மூரவை என்று சொல்வதில் மிகை இல்லை.

இவற்றின் கதையையும் பிறரே எழுதினர். 1979இல் இந்துமாக்கடல் திமிங்கிலங்களுக்குரிய சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் 1980களின் முற்பகுதியில் துலிப் என்னும் சிறு பாய்க்கப்பல் இக்கடலில் உலாவி, இவ்வுயிர்களைக் கொல்லாது ஆராயும் முறையை வளர்த்தது. அதற்கு முன்னரோ, 1963 முதல் 1966 வரையில் அரபுக் கடற்பக்கத்திற் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தன. எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே இன்று எமது கண்ணிற்படுபவை ஆகலாம். அண்மைக்காலத்தில் ஆஷா டி வொஸ் என்னும் இலங்கைப் பெண்மணி இத்திமிங்கிலங்களின் ஆராய்ச்சியால் உலகப்புகழ் பெற்றுள்ளார். எமது கல்லூரியின் விஞ்ஞான கூடத்திலிருந்து அத்தகைய ஒருவர் எப்போது புறப்படுவார் என்று கேட்பது பேராசை ஆகாது.

இனி, எமது குற்றத்தையும் ஒளியாது கூறுதல் வேண்டும். ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரே வகுப்பிற் படித்த ஒன்பதுபேர் நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்குச் சென்றோம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம். மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழும் அப்பாறைத்தீவு ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்குக் குறியாக இருந்தது. 1963இற் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாயிற்று. ஒன்பதின்மருள் நீந்தத் தெரிந்தவர் இருவரே. எஞ்சிய எழுவரும் மிதவைச் சட்டை அணிந்து இறங்கினோம்; கால் தளர்ந்தபோதெல்லாம் அடியிலிருந்த முருகைக்கல்லின்மேல் ஏறி நின்றோம். காலடியில் ஏதோ நொறுங்கிற்று. கல்தானே என்று இருந்துவிட்டோம். எம்முள் ஒருவர் உடைந்த கிளையொன்றைத் துவாயிற் சுற்றி எடுத்தும் வந்தார். அஃது இன்றும் அவருடைய முன்விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில் வெள்ளைவெளேரென்று இருக்கின்றது. வருவோர்க்கெல்லாம் பவளம் என்று காட்டுகிறார். அஃது எலும்பு என்பதே உண்மை. எண்ணற்ற சிற்றுயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு அது. கிளைவிடும் வகைகள் ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும். திரண்ட வகைகளோ ஒரு விரற்கடையேனும் வளர்வதில்லை. 1998இற் கடல்நீர் அளவுக்குமிஞ்சிச் சூடேறி, தெற்கிலும் மேற்கிலும் முருகைப் பார்கள் வெளுத்து மடிந்தபோது திருக்கோணமலைப் பார்கள் பெரிதும் தப்பின. வெம்மைக்குத் தப்பியதை எமது குதிக்கால்களால் நொறுக்கினோம். நீந்தத் தெரிந்த அவ்விருவர் மட்டும் ஒன்றையும் தொடாது, பேராமை ஒன்றின் பின்னால் அமைதியாக மிதந்து சென்று மீண்டனர்.

நீந்தத் தெரியாதவனே கல்லை மிதிக்கின்றான். இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுந்ததும் இதுவே.

கடற்கரையிற் பிறந்த பிள்ளைகள் நீந்தத் தெரியாது வளர்ந்தது அவர்களுடைய சோம்பலால் அன்று. 1983இன் பின்னர்ப் போர் வந்தது. கடலில் இறங்குதற்குத் தடை, தொழிலுக்குப் போவதற்கு நேரக் கட்டுப்பாடு, கரையோரம் முள்வேலி. ஒரு தலைமுறை கடலை வேலிக்கு இப்பாலிருந்தே கண்டது. அச்சம் தெளியுமுன் 2004 மார்கழி 26ஆம் நாள் கடலே ஊருக்குள் வந்தது. அதன்பின் எந்தத் தாய் தன் மகனை அலைவாய்க்கு மனமுவந்து அனுப்புவாள்? 2009இற் போர் முடிந்தபோது சுற்றுலா வந்தது, படகுகள் வந்தன, ஆனால் இடையில் அறுந்துபோன அறிவு தானாக வந்துவிடவில்லை. அதனாலே விடுமுறை நாட்களில் எமது கரைகளிற் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் செய்தியைப் படிக்க நேர்கின்றது.

அவ்வறிவு இன்னும் முற்றாக அழியாமல் இருப்பது மீனவரிடத்திலேதான். எக்காற்று எப்போது திரும்பும், எந்தப் பாரில் எந்த மீன் தங்கும், நீரின் நிறம் எதனைக் காட்டும் என்பனவெல்லாம் அவர்கட்குப் பாடம். அவர்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பூங்காவின் எல்லைக்குள் வலைவீசலாகாது என்று சட்டம் அவர்களைத் தடுக்கின்றது. பணங்கட்டி வந்து முருகைக்கல்லின்மேல் நிற்பவனைத் தடுக்கக் காணோம் என்கிறார்கள். இதற்கு எம்மால் நேர்மையான மறுமொழி கூற முடியவில்லை. வெடிவைத்து மீன் கொல்லும் கொடியோரும் அவர்களிடையே இருக்கின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் வெடி வைப்பவனை முதலில் வெறுப்பவன், மறுநாள் அதே பாருக்கு வெறுந்தூண்டிலோடு போகும் மீனவனே. திமிங்கிலம் காட்டும் படகோட்டிகளின் செய்தியும் இத்தகையதே. நெருங்குதற்கு எல்லை வகுக்கும் ஒழுங்குவிதிகள் 2012ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்டன. எனினும் நான்கைந்து படகுகள் ஒரு தாயையும் கன்றையும் நாற்புறமும் வளைத்துக்கொண்டு இயந்திரத்தை முடுக்கியதை நாமே கண்டோம். மூச்சுவாங்க எழுந்த உயிர் அரைமூச்சோடு அமிழ்ந்தது. படகிலிருந்தோர் கைதட்டினர். ஓட்டியவர்மேல் எமக்குச் சினம் பிறந்தது. பின்னர், தூரத்தில் நிறுத்தினாற் காசு கொடுத்தோர் முணுமுணுப்பர் என்று அவர் சொன்னபோது, முணுமுணுத்தவருள் நாமும் இருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் பலர் பொருளுதவ முன்வந்துள்ளனர். வளைவு ஒன்று கட்டலாம் என்பர் சிலர். சிலை ஒன்று நாட்டலாம் என்பர் சிலர். வளைவுகள் எமது நகரில் வேண்டிய அளவு இருக்கின்றன. அப்பணத்தின் ஒரு பகுதியைக்கொண்டு, ஆறாம் வகுப்பிற் சேரும் ஒவ்வொரு மாணவனுக்கும் உட்குடாவின் அமைதியான நீரில், பயிற்சி பெற்ற உயிர்காப்போர் அருகிருக்க, நீச்சல் கற்பிக்கலாம் என்பது எமது கருத்து. நீந்தப் பழகியோருள் விருப்புள்ளவர்க்கு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம்: இன்ன நாள், இன்ன காற்று, இன்ன பார், கண்ட மீன், வெளுத்த முருகை. பத்தாண்டு இடையறாது எழுதினால், அவ்வேட்டைத் தேடிப் பல்கலைக்கழகத்தார் வருவர். அம்மாணவருட் சிலர் நாளை வழிகாட்டிகளாகவும் பூங்காக் காவலராகவும் ஆவர். தமிழிலே கடலைக் காட்டுவோர் இன்று அரியர். உள்ளூர்க் குடும்பங்கள் புறாத்தீவுக்குச் சென்று சோற்றுப் பொதியை அவிழ்த்து உண்டு திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெற்றோர் அஞ்சுவர் என்பதை அறிவோம். அச்சம் நியாயமானதே, ஆயினும் கடலிலிருந்து விலக்கிவைப்பதாற் பிள்ளை கடலுக்குப் போகாதிருப்பான் என்பது வீண் நம்பிக்கை. சோதனை முடிந்த அன்று பிற்பகல் அவன் நண்பரோடு போகத்தான் போகிறான். நாம் போகவில்லையா?

கற்பிக்க யாரைக் கேட்பது என்று ஆராய்ந்தபோது, எழுபது கடந்த மீனவர் ஒருவரை அணுகினோம். எம்முட் சிலரோடு ஐந்தாம் வகுப்புவரை படித்துப் பின் தோணிக்குப் போனவர். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "பிள்ளையளை அனுப்புங்கோ, பழக்கிறன்" என்றார். சம்பளம் கேட்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: முதல் நாள், பழைய மாணவர் சங்கத்துப் பெரியவர்களும் இறங்க வேண்டுமாம்.