சாலைக்குப் பகை தண்ணீர்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தங்கவயலில் மழை வலுக்கும். பெங்களூர் இரயிலைப் பிடிப்பதற்காக விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்துக்கு விரையும் நம்மவர், குழி எது, தரை எது என்று அறியாமலே அடி வைக்கின்றனர். இது பற்றி நாம் பேசாத நாளில்லை. ஆயினும் பேசுவதெல்லாம் தாரைப் பற்றியே.

தார் தானாகக் கெடுவதில்லை, அன்பர்களே! வெயிலில் இறுகிய மேற்பரப்பு மயிரிழை போல் வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வழியே இறங்கும் நீர், அடியிலுள்ள ஜல்லியையும் மண்ணையும் இளக்குகிறது. பாரவண்டி ஏறுந்தோறும் நீரோடு நுண்மண் பிதுங்கி வெளியேற, உள்ளே வெறுமையாகி மேல்தளம் அமிழ்கிறது. சாண் குழி ஒரே மழையில் முழக் குழியாவது இவ்வாறே. ஆதலின் சாலையின் நடு சற்றே உயர்ந்தும், இருமருங்கும் வடிகால் திறந்தும் இருத்தல் வேண்டும்.

நமது வடிகால்களுக்கோ தனித்த துன்பம் ஒன்றுண்டு. நூறாண்டுக்கு மேலாகப் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட பொடிமண், சயனைட் மேடுகளாய் நிற்கிறது. துணி உலர்த்தும் தாய்மார்க்கு அதனை நாம் அறிமுகம் செய்யவேண்டுவதில்லை! மழையில் அரித்தோடும் அம்மண் சாக்கடையில் படிந்தால், நீர் சாலைக்கே திரும்புகிறது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் இயங்கிய நாளில் லைன் தெருக்களைப் பார்க்க ஆள் இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின், இவ்வழி யாருடைய பொறுப்பு என்று மனு மேசை மேசையாய்ச் சுற்ற, குழி வளர்கிறது. 2024 டிசம்பரில் ஓசகோட்டை முதல் பேத்தமங்கலம் வரை ஏறத்தாழ 70 கி.மீ. விரைவுச்சாலை திறக்கப்பட்டது மகிழ்ச்சியே. ஆனால் அதனை அடையவும் நம் தெருவைத்தானே கடக்கவேண்டும்?

குறை நம்மிடமும் உண்டு. 'சாலையைச் செப்பனிடுக' என்னும் ஒற்றை வரியோடு மனுவை முடித்துவிடுகிறோம். எந்தச் சிறுபாலம் அடைபட்டது என்று எழுதுவதில்லை. ஒட்டுப் போடும்போது அருகில் நின்று பார்ப்பதுமில்லை. குழியின் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, தளர்ந்ததை நீக்கி, ஈரமற உலர்த்தி, தார் பூசிய பின்னரே ஜல்லிக்கலவையை இட்டு இறுக்கவேண்டும். நீர் நிற்கும் குழியில் கொட்டுவது அடுத்த மழைவரை நில்லாது.

வரும் ஆடி மாதத்துக்குள் நம் இளைஞர்கள் லைன் வாரியாக நடந்து, அடைபட்ட வடிகால்களைக் குறித்துத் தருவார்களாக. மேட்டு மண்ணை வெறுங்கையால் அள்ளவேண்டா, குறித்தால் போதும். மனுவை நாம் எழுதுகிறோம்.